பதினான்காம் மரத்தின் இலைகள்

அம்பிட்டிய
3.5.2024

இப்திகார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதுவே பெரிய நிம்மதி.

ஓர் உதவி வேண்டும். கண்டிச் சுற்றுவட்டாரத்துப் பலா மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இங்கே நிற்பவை எல்லாம் ஒரு சில தாய்மரங்களின் பிள்ளைகள்தானா, இல்லை உண்மையிலேயே பலவகையா என்று தெரியவேண்டும். பிலிமத்தலாவை இலைகள் வந்துவிட்டன. தெல்தோட்டைத் தோட்டங்களுக்குள் நாய் குரைக்காமல் நுழையக்கூடியவர் நீங்கள்தான். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு கிளைகளில் இலை பறித்து, இத்துடன் உள்ள பைகளில் தனித்தனியே போட்டு, மரத்தின் இலக்கத்தை எழுதி, கண்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். பேராதனையில் எடுத்துக்கொள்வேன்.

வேறு விதமாக நினைக்க வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளோடு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, நம்மைப் பிரித்துவிடுவதா என்று பேசத்தான் போகிறார்கள். அதற்கும் இலைக்கும் சம்பந்தமில்லை.

ஸுமைரா


தெல்தோட்டை
12.5.2024

அன்பின் ஸுமைராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இலைகள் வருகின்றன. கடையை முனாப் சாச்சாவிடம் விட்டுவிட்டு ஒரு வாரமாக மரம் ஏறுகிறேன். முசுறு எறும்பு கடித்த கதையை எழுதினால் உன் ஆராய்ச்சியைவிடப் பெரிதாகும்.

பக்கத்துத் தோட்டத்துப் பாலம்மாக்கா தன் மரத்தில் கைவைக்க விடவே இல்லை. என் மனைவியின் படிப்புக்கு என்று சொன்னதும், “அப்ப இன்னும் பொண்டாட்டிதானா? நல்லதுங்க, ஏறுங்க” என்றார். ஏறிவிட்டேன்.

பதினான்காம் இலக்கம் நம் கிணற்றடி மரம். கல்யாணமான வருடம் நீ பறித்துத் தந்து, வருக்கன் என்று சொல்லி நான் உன் வீட்டுக்குச் சுமந்து வந்த பழம் அதில்தான் காய்த்தது. மொறுமொறுவென்று சுளை வரும் என்று எல்லாரும் காத்திருக்க, கத்தியோடு வழிந்தது கூழன். சொந்த மரத்தையே தெரியாத மாப்பிள்ளை என்று உன் வாப்பா அன்று சொன்னதை இன்னும் விடவில்லை. நானும் விடவில்லை. அது வருக்கன்தான்.

கடையை விட்டு நான் வரமாட்டேன், ஆய்வுகூடத்தை விட்டு நீ வரமாட்டாய். நடுவில் இரண்டு மணிநேர பஸ். அதை வைத்து ஒரு வருடம் சண்டை போட்டிருக்கிறோம் என்று மரத்தில் இருக்கும்போது நினைத்தேன். உன் மாடி அறை மழைக்கு ஒழுகுகிறதா?

அன்புடன்
இப்திகார்


பேராதனை
27.5.2024

இப்திகார் அவர்களுக்கு,

இலைகள் நன்றாக வந்தன, ஒரு மரத்தைத் தவிர. ஒரு மரத்தின் எந்தக் கிளையில் இலை எடுத்தாலும் மரபணு அடையாளங்கள் ஒன்றாகத்தான் இருக்கும். அதைச் சரிபார்க்கத்தான் இரண்டு கிளை கேட்டேன். உங்கள் பதினான்காம் மரத்தின் இரண்டு பைகளும் ஒத்துப்போகவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன், அவை இரண்டு வேறு மரங்கள்.

முசுறுக்குப் பயந்து பக்கத்து மரத்தில் பறித்தீர்களா? வீட்டு மரத்திலேயே இப்படி என்றால் மற்றதை எப்படி நம்புவது? தெல்தோட்டை இலைகள் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்கிறார் பேராசிரியர். சொந்த மரத்தையே தெரியாதவர் என்று வாப்பா சொன்னபோதெல்லாம் உங்கள் பக்கம் பேசியவள் நான். இனி என்ன பேசுவது?

ஸுமைரா


தெல்தோட்டை
30.5.2024

ஆராய்ச்சியாளர் ஸுமைரா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என்னிடம் ஆயிரம் குறை இருக்கலாம், பொய் சொல்கிற பழக்கம் இல்லை.

திரும்ப ஏறினேன். மரம் ஆள் உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. கடைப்பக்கத்துக் கிளைகளில் சிவப்பு நூலும், கிணற்றுப்பக்கத்துக் கிளைகளில் வெள்ளை நூலும் கட்டிவிட்டுப் பறித்தேன். பைகளிலும் அதே நிற நூல் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தாங்களே வந்து பார்க்கலாம். வீட்டுச் சாவி ஒன்று தங்களிடம் இருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு பழம் இறக்கி வெட்டியும் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். முதலில் தங்கள் முடிவு வரட்டும்.

இப்திகார்


பேராதனை
11.6.2024

அன்பின் இப்திகாருக்கு,

என்னை மன்னித்துவிடுங்கள். சிவப்பு நூல் இலைகள் எல்லாம் ஒரு மரம், வெள்ளை நூல் இலைகள் எல்லாம் இன்னொரு மரம். இரண்டும் ஒரே தாய்மரத்தின் பிள்ளைகள். நீங்கள் சரியாகத்தான் பறித்திருக்கிறீர்கள், எனக்குத்தான் உங்களை நம்பத் தெரியவில்லை. ஆய்வுகூடத்தில் எல்லோர் முன்னாலும் துள்ளிவிட்டு, பிறகு உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்து அழுதேன்.

அடிமரத்தை நன்றாகப் பாருங்கள். இரண்டு மரங்கள் ஒட்டி வளர்ந்திருக்க வேண்டும். தெல்தோட்டை மரங்கள் ஒன்றுவிடாமல் ஆய்வில் சேர்கின்றன.

அந்தப் பழங்கள் என்ன ஆயின? ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு என்னை இத்தனை நாளும் வதைத்துவிட்டீர்கள்.

ஸுமைரா


தெல்தோட்டை
13.6.2024

என் ஸுமைராவுக்கு,

அடிமரத்தில் நெடுகத் தழும்பு மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. அதில் துவாயைத் தொங்கவிட்டுத்தான் தினமும் குளிக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. சாச்சாவிடம் கேட்டேன். அவருடைய வாப்பா ஒரு பழத்துக் கொட்டைகளை ஒரே குழியில் போட்டு, முளைத்த கன்றுகளை அடியில்லாத பானைக்குள் நுழைத்துச் சேர்த்துக் கட்டினாராம், மரம் பருத்து வளரும் என்று. “ஒட்டி நிண்டதால ஒரு மரமெண்டு நெனச்சிட்டோம்” என்றார். பிறகு அதை வைத்தே நம் இருவருக்கும் புத்தி சொல்லி, பள்ளிவாசல் பிரசங்கம் மாதிரி ஒரு பயான் தொடங்கினார். கடைக்கு ஆள் வருகிறது என்று ஓடி வந்துவிட்டேன்.

இப்போது பழத்தைச் சொல்கிறேன். சிவப்பு நூல் பக்கம் வருக்கன். வெள்ளை நூல் பக்கம் கூழன். நான் சின்ன வயதிலிருந்து கடைப்பக்கம்தான் பறித்தேன். அன்று நீ பறித்தது கிணற்றுப்பக்கம். ஆக நானும் சரி, உன் வாப்பாவின் கத்தியும் சரி.

வெள்ளி மத்தியானம் கடை பூட்டுத்தானே. ஒரு வாரம் நான் அம்பிட்டியவுக்கு வருகிறேன், மறு வாரம் நீ இங்கே வா. இது ஏன் ஒரு வருடமாக என் மண்டையில் உதிக்கவில்லை? பெரியவர்கள் உட்காரும் முன் உன் பதில் வேண்டும். வேண்டாம் என்றால் அதையும் எழுது. தாங்கிக்கொள்வேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இப்திகார்


அம்பிட்டிய
15.6.2024

மச்சான்,

பதினான்காம் மரத்துக்கு இரண்டு இலக்கம் கொடுத்துவிட்டோம். பேராசிரியர் அந்த மரத்தைப் பார்க்க வர ஆசைப்படுகிறார்.

இரண்டு பழத்துக் கதையை வாப்பாவிடம் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “மருமகனுக்குத் தன்ட மரம் தெரியும்தான்” என்றார். பெரியவர்கள் உட்காரத்தான் வேண்டுமாம். பெருநாள் சாப்பாட்டுக்கு உட்காரட்டும், வேறு ஒன்றும் பேச வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் நான். எனக்குச் சம்மதம். மாடி அறை ஒழுகத்தான் செய்கிறது, வரும்போது ஒரு வாளி கொண்டுவாருங்கள்.

உச்சிக் கிளை இலைகளும் வேண்டும். இந்த முறை நான் ஏறுகிறேன், நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும். இந்தக் கடிதத்தை இன்றைக்கே பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளை முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன். எனக்காகக் கடையை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உங்கள்
ஸுமைரா