ஆனியின் பக்கம்

பெசன்ட் நகர், சென்னை
12 செப்டம்பர் 2025

அன்புள்ள ஆனி அக்காவுக்கு,

அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். என் கடிதத்தை உன் கையில் தருவதற்கு முன் மடத்தில் உங்கள் பொறுப்பு சிஸ்டர் படிப்பார் என்று தெரியும். அவருக்கும் வணக்கம். இதில் கோபம் இருந்தால் அவரும் சேர்ந்தே படிக்கட்டும்.

தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கேட்டுப் போனேன். "ஓ, பெசன்ட் நகரா!" என்று அங்கிருந்த மேடம் சிரித்தாள். முகவரியில் அடுத்த வரியில் குப்பம் என்று இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் பங்களாக்களிலிருந்து நாயோடு நடக்க வருகிறவர்கள் அம்மாவிடம் வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசிவிட்டு, நாற்றம் தாங்கவில்லை என்று மனுவும் கொடுக்கிறார்களே, அதே முகம். ஆனாலும் ஒரேயடியாக விரட்டவில்லை. லினக்ஸ் கற்றுக்கொண்டு வா, டிசம்பரில் செய்முறைத் தேர்வு வைக்கிறோம் என்றார்கள்.

லினக்ஸ் என்றால் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். வீட்டில் இருப்பதோ உன் லேப்டாப் ஒன்றுதான். அதை தி. நகரில் பழுது பார்க்கும் இனாயத் அண்ணனிடம் கொண்டுபோனேன். "விண்டோஸ், லினக்ஸ்னு ரெண்டு இன்னாத்துக்குமா? உங்க அக்காதான் மடத்துக்குப் போய்ட்டாங்களே! மொத்தமா தொடச்சிட்டு லினக்ஸ் போட்டுக்கினு போ" என்றார். முடியாது என்றேன். டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கப் போகிறேன். ஒரு பக்கம் உன் விண்டோஸ், மறுபக்கம் என் லினக்ஸ்.

ஜனவரியில் உனக்குத் துறவற வாழ்வுக்கான முதல் வார்த்தைப்பாடு. அதற்குள் உன் மனம் மாறலாம். மாறினால், திரும்பி வந்து உட்கார உன் இடம் உனக்கு இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல். நீ கிளம்பிய அன்று மூடியைச் சாத்தினாயே தவிர அணைக்கவில்லை. திறந்திருந்ததை அப்படியே டிஸ்க்கில் பதித்துக்கொண்டு அது தூங்குகிறது. உள்ளே போய் முறையாக அணைத்தால்தான் பிரிக்க முடியும். பாஸ்வேர்டை எழுது.

இன்னும் சம்மதிக்காத தங்கை,
ஜொவிட்டா

*

மரியே வாழ்க!

திண்டுக்கல்
30 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை ஜொவிக்கு,

பொறுப்பு சிஸ்டர் உன் வணக்கத்தைப் பெற்றுக்கொண்டார். "உன் தங்கச்சிக்கு பேனாவுல மைக்குப் பதிலா மிளகாய்த் தண்ணி ஊத்திக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

பாஸ்வேர்ட்: இறால்தொக்கு. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். சிரிக்காதே. இங்கே வாரம் முழுக்க சாம்பார்தான். முந்தைய கடிதம் ஒன்றில் அம்மாவுக்கு அதை எழுதியிருந்தேன். சிஸ்டரும் படித்திருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு வந்தது.

நான் எதிலிருந்தோ தப்பித்து வந்துவிட்டதாக நினைக்காதே. அங்கே நான் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸாக இருந்தேன். பெட் எண் தெரியும், நோயாளியின் பெயர் தெரியாது. இங்கே எங்கள் மருந்தகத்துக்கு மலையிலிருந்து நடந்து வருகிறவர்களின் ஆட்டுக்குட்டிகளுக்குக்கூடப் பெயர் தெரியும்.

நன்றாகப் படி. அப்பாவை மருந்து சாப்பிடச் சொல்.

ஜெபத்துடன்,
ஆனி

*

பெசன்ட் நகர்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

திறந்தேன். ஒன்றரை வருடம் கழித்தும் நீ விட்டுப்போன இடத்திலேயே எல்லாம் நின்றது. பாதியில் நிறுத்திய ஒரு படம். கதாநாயகி பேருந்தில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். உன்னைக் கூட்டிப்போக ஃபாதரின் கார் வந்தபோது பார்த்துக்கொண்டிருந்தாய் போல. அதை மூடாமல் அணைக்க முடியாது. மூடுவதற்கு எனக்கு அரை நாள் ஆயிற்று. முதலில் மீதியைப் பார்த்தேன். முடிவைச் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து பார்.

பிறகு லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகி, டிஸ்க்கைச் சரிபாதியாகப் பிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்த அம்மா, "இன்னாடி, ஊட்டு நடுவுல பொடவையைக் கட்டித் தடுக்கிற மாதிரி கீது" என்றாள். அதேதான் என்றேன். இப்போது லேப்டாப்பைப் போட்டால் யார் பக்கம் போக வேண்டும் என்று கேட்கிறது.

ஒரு கூத்து. லினக்ஸிலிருந்து உன் பக்கம் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. இரண்டும் நேரத்தை வேறு வேறு கணக்கில் வைத்துக்கொள்கின்றனவாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அவ கீற ஊர்ல இப்போ இதான் டைமா?" என்றாள். திண்டுக்கல்லும் நம்ம நேரம்தாம்மா என்றதற்கு, "அப்போ ஏன் அவ்ளோ தூரமா கீது?" என்றாள். கடிகாரத்தை மட்டும் சரிசெய்துவிட்டேன்.

ஜொவிட்டா

*

மரியே வாழ்க!

திண்டுக்கல்
8 டிசம்பர் 2025

அன்பு ஜொவிக்கு,

தேர்வு முடிந்திருக்கும். உனக்காக ஜெபமாலை சொன்னேன். வேண்டாம் என்று சொல்வாய், தெரியும், ஆனாலும் சொன்னேன்.

அந்தப் படத்தை நான் பாதியில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்து நீ அழுதிருப்பாய். அடி பைத்தியமே, நான் மூன்றாம் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு எனக்கு மனப்பாடம்.

ஒரு விஷயம் நேராகச் சொல்கிறேன், உன்னைப் போலவே. லினக்ஸ் படிக்க நீ யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என்னிடம் பாஸ்வேர்ட்தான் கேட்டாய். நானும் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதி வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். என் பக்கத்தை அழித்துவிட்டு முழுவதையும் நீயே எடுத்துக்கொள். உன் வேலைக்கு இடம் வேண்டும்.

நீ வா என்று மட்டும் கேட்கிறேன். வராவிட்டால் எனக்கு வலிக்கும். அதை மறைக்க மாட்டேன்.

உன் அக்கா,
ஆனி

*

பெசன்ட் நகர்
22 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் சேர வேண்டும். ஆர்டரைக் கொடுத்தது அதே மேடம். கை குலுக்கினாள். இப்போது மட்டும் குப்பம் மணக்கிறதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. முதல் மாதம் முடியட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் லேப்டாப்பைத் தொடவில்லை. அப்பா மட்டும், "அவ முடிவு பண்ணிட்டா. நீ எத்தினி நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருப்பே?" என்றார். நாலாம் நாள் லேப்டாப்பைத் திறந்தேன்.

உன் பக்கத்தை அழிக்கவில்லை. சுருக்கினேன். வார்த்தைப்பாடு கொடுத்த சிஸ்டருக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் வீட்டு விடுமுறை உண்டு என்று நம் பங்குக் கோயிலில் விசாரித்தேன். பதினைந்து நாள் வந்து போகிறவளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்திருக்கிறேன். உன் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. மீதி இடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் தேதி இரவு வேனில் கிளம்புகிறோம். தெருவில் பாதிப் பேர் ஏறுகிறார்கள். கோயிலில் எனக்கு முன்வரிசை வேண்டாம். ஓரமாக நின்று நான்தான் போட்டோ எடுக்கப் போகிறேன். திரும்பி வந்ததும் அவற்றை உன் பக்கத்தில் ஏற்றி வைப்பேன்.

உன் தங்கை,
ஜொவிட்டா