துருக்கிக் குளியல் கூடத்தின் இருபத்திரண்டு தூண்கள்

1974 மார்ச் 5, செவ்வாய்

இன்று மிஸிஸ் டொயில் மனம் விட்டுப் பேசினார். எண்பத்து நாலு வயது. வரலாற்றுச் சங்கத்துக்காக நான் எழுதிவரும் பழைய துருக்கிக் குளியல் கூடத்தில் வேலை செய்தவர்களில் இவர் ஒருவர்தான் மிச்சம். 1906இல் துவாய் மடிக்கச் சேர்ந்தாராம்.

ஒன்றைவிட ஒன்று சூடான மூன்று அறைகள். பெண்களுக்குச் செவ்வாய் மட்டும். "உடுப்பைக் கழற்றினால்தானே புருஷன் அடித்த இடம் தெரியும். உள்ளே கண்டதை நாங்கள் வாசலுக்கு வெளியே கொண்டுபோனதில்லை."

சூடு ஓடுவதற்காகத் தளத்துக்குக் கீழே ஆள் தவழக்கூடிய வெற்றிடம். 1921இல் ஒரு மூலை இறங்கியதாம். உடனே இருபத்திரண்டு செங்கல் தூண்கள் கொடுத்து நிமிர்த்தினார்களாம். "இது வெளியே போகக்கூடாது. இடிக்கக் காரணம் தேடுகிறார்கள்" என்றார். என் குறிப்புக் கொப்பியைக் காட்டினேன். முழுக்கத் தமிழ், இந்த வெள்ளைக்கார ஊரில் யார் வாசிக்கப்போகிறார்கள்? சிரித்துவிட்டார்.

மார்ச் 9

காலையில் என் கணவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்வில் இப்படி எத்தனை தரம்? குசினி மேசையில் கிடந்த கொப்பியைக் காட்டி, "வாசிச்சனான். நல்லா எழுதியிருக்கிறீர்" என்றார். பொறியியலாளருக்கும் பழங்கதை பிடிக்கிறது. நாள் முழுக்கச் சந்தோஷம்.

மார்ச் 21

கூடத்தை வாங்கிய கம்பனி நகரசபைக்குக் கொடுத்த அறிக்கையைச் சங்கச் செயலாளர் காட்டினார். தளத்தின் கீழ் வெற்றிடம், 1921இல் மூலை இறங்கியது, ஆபத்து, இடிக்கவேண்டும். தூண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

1921 சங்கதி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. நான் தேடியிருக்கிறேன். அறிக்கையின் தலைப்பில் என் கணவருடைய அலுவலகத்தின் பெயர். என் கொப்பியை வாசிக்கக்கூடியவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

மார்ச் 22

கேட்டேன். இவர் மறுக்கவில்லை.

"நான் பொய் எழுதேல்லையே."

"தூண் எங்கையப்பா?"

"அது கிழவியின்ரை கதை. ஆதாரம் இல்லை."

"மூலை இறங்கினதும் கிழவியின்ரை கதைதானே?"

பேப்பரை விரித்துக்கொண்டார். "பழைய குளிக்கிற இடத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? நீர் என்ன துருக்கிக்காரியே?"

நல்லா எழுதியிருக்கிறீர் எண்டு சொன்ன வாய். அந்தத் தேத்தண்ணி ஏனெண்டு இப்ப விளங்குது.

மார்ச் 26, செவ்வாய்

அறிக்கை விஷயம் மிஸிஸ் டொயிலுக்கும் எட்டிவிட்டது. கதவைத் திறக்கவில்லை. யன்னலால், "உனக்கு மட்டும்தான் சொன்னேன்" என்றார்.

ஏப்ரல் 3

நகரசபைக் கூட்டம். கம்பனிக்காரரோடு இவர் முன்வரிசையில். எழுந்து, அறிக்கை நிறுத்திய இடத்திலிருந்து என் கொப்பியின் அடுத்த வரியை, இருபத்திரண்டு தூண்கள் கொடுத்ததை, தமிழில் வாசித்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "இந்த வரியை விட்டுவிட்டவர் என் கணவர் யோகேஸ்வரன்." இவர் திரும்பிப் பார்க்கவில்லை. தளத்தைத் தோண்டிப் பார்த்த பிறகே முடிவு என்றார்கள் சபையினர்.

ஏப்ரல் 17

தோண்டினார்கள். இருபத்தொரு தூண்கள் நிற்கின்றன, ஒன்று சரிந்திருக்கிறது. இடிக்க அனுமதி இல்லை. மிஸிஸ் டொயிலின் யன்னலடியில் நின்று சொன்னேன். "நீயே எண்ணினாயா?" என்று மட்டும் கேட்டார். கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

பென்டில் ஹில்லில் சிநேகிதி சிவனேஸ்வரி வீட்டுப் பின்னறை காலி. "எத்தினை நாளெண்டாலும் இரும்" என்றாள். பெட்டி அடுக்கிவிட்டேன். குறிப்புக் கொப்பி என்னோடு வருகிறது. இந்த டயறி குசினி மேசையில் கிடக்கட்டும்.

வாசிப்பீங்கள், தெரியும். இந்தமுறை பாதியிலை நிப்பாட்டாதேங்கோ.