பள்ளிவாசல் வளைவைத் தாண்டி

யார்க்‌ஷயர், இங்கிலாந்து, ஜூலை 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு, சபியாவின் ஸலாம்.

மகள் ஷம்னா பெயரை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் காகிதம். அல்லாஹ் கிருபையால் நானும் அவளும் சுகம். கடையில் மதியச் சோற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேற்று காரில் ஊர் சுற்றக் கிளம்பினோம்! மூணாறு மாதிரியே மலை. தேயிலைக்குப் பதில் ஆடு. ஒரு கோட்டைக்குப் போனால் கூரையே இல்லை, சீட்டு மட்டும் முழு விலை! "பாதி இடிஞ்சதுக்குப் பாதி காசு வாங்கக் கூடாதா?" என்றேன். "அம்மா, கணக்கு நோட்டை ஊர்லயே வச்சுட்டு வந்திருக்கலாம்ல" என்று சிரிக்கிறாள். பிறகு பாதிரிமார் இருந்த பழைய மடம். அங்கே புல்லில் முஸல்லா விரித்து, பயணி என்பதால் அஸர் தொழுகையைச் சுருக்கித் தொழுதேன். ஒரு வெள்ளைக்காரம்மா நான் முடிக்கும்வரை தன் நாயைப் பிடித்துக்கொண்டே நின்றாள், பாவம்.

நாளைக்கு இன்னொரு கோட்டை!

உங்கள் சபியா

பாலக்காடு, ஜூலை 16

சபியாவுக்கு ஸலாம்.

சோறு நேரத்துக்குத் தின்கிறேன். எல்லாம் எழுதினாய், வண்டியை ஓட்டுவது யார் என்று எழுதவில்லை. மருமகனுக்கு லீவில்லை என்று நீதானே சொன்னாய்?

மொய்து

யார்க்‌ஷயர், ஜூலை 27

என் வீட்டுக்காரருக்கு ஸலாம்.

கேட்டுவிட்டீர்கள். ஷம்னாதான் ஓட்டுகிறாள்.

மூணாறு மலைப்பாதையில், பள்ளிவாசல் ஊர் வளைவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சுவரில் இடித்தாள் என்று, சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால் சாவியைப் பிடுங்கினீர்கள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

நேற்று ஒரு ஒற்றைப் பாதை, இரண்டு பக்கமும் வேலி. எதிரே மலை மாதிரி டிராக்டர்! நான் கலிமா சொல்லிக் கண்ணை மூடிவிட்டேன். பிள்ளை வளைவு முழுக்கப் பின்னாலேயே எடுத்து ஒதுங்கி நின்றாள். ஒரு இலைகூட உரசவில்லை! டிராக்டர்காரர் கை தூக்கிக் காட்டிப் போனார். நான் கைதட்டிவிட்டேன்.

இன்னொன்று. சாவியைத் திருப்புமுன் எப்போதும் பயண துஆ ஓதுகிறாள். முதலில் ஒரு செருமல், அப்புறம்தான் பிஸ்மி. "ஏன்டி, சளியா?" என்றேன். "இல்லம்மா, அத்தா அப்படித்தானே ஓதுவாங்க" என்றாள்.

செப்டம்பரில் என்னோடு ஊருக்கு வர ஆசைப்படுகிறாள். அத்தா கூப்பிட்டால்தான் வருவாளாம். நான் இடையில் நின்று சொல்லமாட்டேன்.

சபியா

பாலக்காடு, ஆகஸ்ட் 7

ஷம்னாவுக்கு அத்தாவின் ஸலாம்.

அம்மாவோடு வா. அன்று நான் செய்தது அவசரம்.

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வண்டியோடு வருகிறேன். துஆ நான் ஓதுகிறேன், சாவி உன் கையில். அப்படியே மூணாறு போவோம். பள்ளிவாசல் வளைவில் அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை; நம் பம்பர்தான் போனது.

அம்மா பின்சீட்டில் இருக்கட்டும். கைதட்ட ஆள் வேண்டுமே.

அத்தா