உன் திங்கட்கிழமைத் தீர்ப்புகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போனில் ஓர் அறிவிப்பு வந்தது. சிடி தேயும்வரை நாம் பார்த்த அந்தப் பழைய காமெடிப் படத்தைச் சுத்தம் செய்து, வீட்டிலேயே பார்க்கும்படி மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம். ஈரக் கையோடு உன் நம்பரைத் தேடினேன். தேடிய பிறகுதான் நினைவு வந்தது, நீ போய் எட்டு மாதமாகிறது.

சோற்றை வடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். உனக்குப் பிடித்திருக்காது. முகச் சுருக்கங்களையெல்லாம் துடைத்து எல்லோரையும் மெழுகு பொம்மையாக்கிவிட்டார்கள். வசனம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கொரகொரச் சத்தத்தில் நாம் தப்பாகக் கேட்டுச் சிரித்த ஒரு வரி, உண்மையில் வேறாம். நம்முடையதே தேவலாம்.

செலியமேட்டிலிருந்து திருபுவனைக்குக் கம்பெனி பஸ்ஸில் பதினோரு வருடம் ஒரே சீட்டில் போய்வந்தோம். வீட்டுக்கு வந்த புதுப் படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை நீ தீர்ப்புச் சொல்வாய். ஆரம்ப வருடங்களில் மூலக்குளத்துக் கடையில் வாங்கிய சிடியில் பார்ப்போம், பிறகு போனில். முன் சீட்டுப் பெண்கள் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள். ஊரே கொண்டாடிய ஒரு பெரிய படத்தைப் பற்றி, "மூணு மணி நேரமா சுடறானுங்க, வெட்றானுங்க. ஒருத்தனாவது ஒரு வாய் சோறு துன்னானா? பசிக்காத ஆளுக்காக எப்பிடிடி அழுவறது?" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நான் அந்தப் படத்தைப் பார்த்து அழுதிருந்தேன். சொல்லவில்லை. நீ சொன்ன பிறகு மாற்றிப் பேச எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

உனக்கு மார்பில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அலைந்து, முடியெல்லாம் கொட்டி, ஐந்து மாதம் கழித்துத் தலையில் துணி கட்டிக்கொண்டு நீ வேலைக்குத் திரும்பினாய். அன்றைக்கென்று டிரைவர் பஸ் டிவியில் இதே காமெடிப் படத்தைப் போட்டார். மொட்டைத் தலையைக் கிண்டல் செய்யும் இடம் வந்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அண்ணே, நிறுத்துங்க" என்று நான் எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"இன்னாத்துக்கு நிறுத்தணும்? அடுத்த சீனுதான்டி நல்லாருக்கும்."

அடுத்த காட்சிக்கு நீதான் முதலில் சிரித்தாய். வில்லியனூரைத் தாண்டும்போது என் காதோரம் சொன்னாய்: "அந்த மொட்ட ஜோக்கு மட்டம்தான். முன்னாடி நானும் சிரிச்சிக்கிறன். ஆனா நீங்கல்லாம் மூஞ்ச தொங்கப் போட்டீங்க பாரு, அது அதவிட மட்டம்."

ஒரு வருடம் நன்றாக இருந்தாய். பிறகு நோய் திரும்பியது. உன் வீட்டில், கட்டிலோரம் உட்கார்ந்து, அந்த வாரம் வந்த பெரிய படம் ஒன்றைப் போனில் ஓட்டினேன். பாதியில் மாத்திரை மயக்கத்தில் நீ தூங்கிவிட்டாய். நான் முடிவுவரை பார்த்தேன். கதாநாயகி செத்துப்போகிறாள். கண் விழித்ததும், "முடிவு இன்னாடி?" என்றாய்.

"பொழச்சிக்கிறா. புள்ளைய இட்டுக்குனு ஊருக்கு பஸ் ஏறிடறா."

என் கையைத் தட்டினாய். "நேத்தே என் பொண்ணு போன்ல பாத்துட்டன்டி. அவ செத்துடறா."

"தெரிஞ்சிக்கினே ஏன் கேட்ட?"

"நீ இன்னா சொல்லுவன்னு பாத்தன். எப்பவும் நான் சொன்னதுக்கே தலையாட்டுவ. இன்னிக்கிதான் நீயா ஒண்ணு சொல்லிக்கிற."

அன்றுதான் சொன்னேன், அந்தச் சோறு தின்னாத படத்துக்கு நான் தேம்பித் தேம்பி அழுததை.

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? சண்ட போட்டுக்கினே போயிருக்கலாம். ரோடு போனதே தெரிஞ்சிருக்காது" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலானது. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டேன். அதற்கப்புறம் நாம் சேர்ந்து படம் பார்க்க நாள் அமையவில்லை.

போன திங்கட்கிழமை, நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது உட்காரும் பெண், எனக்குப் பிடித்த ஒரு படத்தைக் குப்பை என்றாள். "எனக்கு புடிச்சிக்குது" என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. திருபுவனை வந்ததே தெரியவில்லை.