ஸ்டேஷனைக் கழுவிய செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் தொமோஹிரோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மிஹோவும் பிள்ளைகள் இருவரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசுதான் கொதிக்கிறது. மூன்று நாளாகப் பாத்திரங்களை ணங் ணங்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர் ஸ்டேஷனை மார்ச்சோடு மூடப்போகிறார்களாம். டிக்கெட் கொடுக்கக்கூட ஆளில்லாத ஸ்டேஷன், ஒருநாள் முழுக்க எண்ணிப் பார்த்தோம், ஒருவர்கூட ஏறவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. எண்ணியது போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ரயில்வேயிலிருந்து ஒருவர் ஸ்டேஷனைப் பார்க்க வருகிறார் என்றதும் ஊர்ச் சங்கத் தலைவர் ஹிராய்வா, அந்தப் புண்ணியவான், வீடு வீடாக வந்து, "ஆபீசர் வர்றாரு, ஸ்டேஷன் பளபளன்னு இருக்கணும், வீட்டுக்கு ஒரு ஆள் வந்திடுங்க, ஊர் மானம் போயிடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்! தினமும் ரயிலில் வேலைக்குப் போகிற ஐந்து பேரும் லீவு போட்டுவிட்டுப் புல் பிடுங்கினார்கள். கழுவிய பிளாட்பாரத்தில் கால்தடம் படக்கூடாதென்று பள்ளிக்கூடப் பெண்கள் மூவரையும் ஹிராய்வாவே வேனில் கொண்டுபோய் விட்டார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவள், தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு உப்பில் ஊறிய பிளம் பழம் வைத்துச் சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ரயிலும் வந்து நின்றபோது நாங்கள் முப்பது பேரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினோம். ரயில் போய்விட்டது. ரயில்வேயிலிருந்து வந்திருந்த அந்தப் பையன் நோட்டில் சைபர் எழுதினான். எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, விருந்தாளியைத் துருவுவது மரியாதையா? "இவ்வளவு சுத்தமான ஸ்டேஷன நான் பாத்ததே இல்லீங்கம்மா" என்றான், நானும் பூரித்துப்போனேன், மடச்சி.

கண் மங்கியதால் போன வருஷமே கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இங்கே ரயில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை என்று உனக்குப் போன் செய்தால், "அதான் சொல்றேனேம்மா, இங்க வந்து இருந்திடுங்க" என்கிறாய். பழைய அலமாரியைத் தூக்கி வைப்பதுபோல! எனக்கு வர இஷ்டமில்லை. என் வீடு இங்கே இருக்கிறது.

நேற்று ரயில்வே ஆபீசுக்கே போனேன். கூட வந்த ஹிராய்வா குனிந்துகொண்டே இருந்தார், நான் மேஜையைத் தட்டினேன், வாழ்க்கையில் முதல் தடவை. டிசம்பர் பத்திலிருந்து ஒரு வாரம் மறுபடி எண்ண ஒத்துக்கொண்டார்கள். இப்போது உன் முறை. மூன்று வருஷமாக வாடகைக் காரில் வந்து, அதையும் ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்துகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? அந்த வாரம் நாலு பேரும் ரயிலில் வாருங்கள். சாக்குச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வழியெல்லாம் பத்திரம், பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை மறக்காதே, எல்லாரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்கள். இன்னொன்று, இறங்குகிறவர்களை அவர்கள் எண்ணுவதில்லையாம், ஏறுகிறவர்களைத்தான். நீ கிளம்புகிற நாளை நான் ஒருநாளும் விரும்பியதில்லை, அழுகை வரும் என்று வீட்டு வாசலோடு நின்றுவிடுவேன். இந்தத் தடவை பிளாட்பாரத்துக்கு வந்து உங்கள் நாலு பேரையும் நானே ஏற்றிவிடுகிறேன்.

கோபம் தீராத உன் அம்மா,
கினுயோ