மாவு சிவக்கும் முன்பே

பர்னாலா,
வைசாக மாதம் 19

ஒருவனாகிய இறைவன் காக்க.

ஜாம்ஷெட்பூரில் மகன் இல்லத்தில் தங்கியிருக்கும் மூத்த சகோதரர் மகர் சிங் அவர்களுக்கு, சந்தோக் சிங் கைகூப்பி எழுதுவது. நம் வணக்கமாகிய வாஹேகுருவின் வெற்றி முழக்கம் தங்களைச் சேர்க.

இங்கு கோதுமை அறுவடை முடிந்தது. தங்கள் எருமை எங்கள் தொழுவத்தில் நலம். தங்களைவிடத் தானே அதை நன்றாகக் குளிப்பாட்டுவதாக என் மனைவி பிரசின் கௌர் பெருமை பேசுகிறாள். இனி, என் உறக்கத்தைக் கெடுக்கும் செய்திக்கு வருகிறேன்.

வைசாகித் திருநாளன்று குருத்வாராவில் எட்டுப் பேருக்குச் சீக்கியத் தீட்சையாகிய அமிர்தம் வழங்க, குருவின் பெயரால் நாம் ஐவரும் இரும்புக் கிண்ணத்தைச் சூழ்ந்து அமர்ந்தோம். இருபுறக் கூர்வாளால் நீரைக் கலக்கியபடி, ஐந்து துதிகளில் இரண்டாவதை நான் ஓதினேன். முப்பத்தோராண்டாக அது என் பங்கு. சுவருக்கு அப்பால் சமையலறையில், என் குரல் எழுந்ததும் பிரசின் பிரசாத மாவை நெய்யில் இடுவாள். நான் முடிக்கும்போது அது சிவந்து பாகு ஊற்றப் பக்குவமாகியிருக்கும். அன்று வீடு திரும்பும் வழியில் அவள் சிரித்துக்கொண்டே, "என்னங்க, பஸ்ஸைப் பிடிக்கப் போறவர் மாதிரி ஓடிட்டீங்க? நீங்க முடிச்சப்ப என் மாவு வெள்ளை வெளேர்னு கெடந்துச்சு!" என்றாள். தீ தணிந்திருக்கும் என்றேன். "என் அடுப்பைக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள்.

அச்சொல் அன்றுமுதல் என்னை அரிக்கிறது. அத்துதியில் ஒரே சந்தம் இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் வருவதைத் தாங்கள் அறிவீர்கள். ஓரிடத்தில் இடறினால் நாக்கு நாற்பது செய்யுளைத் தாண்டிப் போய் நிற்கும். ஓசை குறையாது, ஓதியது குறையும். நான் தாண்டினேனா? நம்முடன் அமர்ந்த உத்தம் சிங்கைக் கேட்டேன். "நான் தண்ணியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணே. காது எங்க போச்சோ, குருவுக்குத்தான் தெரியும்" என்று கைவிரித்தார். மற்ற இருவரும் அவ்வாறே.

என் இடப்பக்கம், கிண்ணத்தின் விளிம்பில் தங்கள் கை இருந்தது. ஓதுகையில் ஒரு கணம் தங்கள் விரல் என் விரலை அழுத்தியது. அன்று அதை அன்பென்று கொண்டேன். என் முப்பத்தோராண்டுப் பெயரைச் சபையில் உடைக்கக் கூசி, வாய் திறவாமல் இருந்துவிட்டீர்களோ? மறுநாளே ரயிலும் ஏறிவிட்டீர்கள்.

எண்மரில் ஒருவன் லாரி ஓட்டும் பில்லா. அமிர்தம் பெற்றபின் அவன் பெயர் நிர்மோலக் சிங். நேற்று வந்து காலில் விழப்போனான், தடுத்தேன். "இருபது வருசம் சாராயம் குடிச்ச வாய் பாய்ஜி இது. இப்ப கடைப்பக்கம் வண்டியத் திருப்புனா, இந்த வளை ஸ்டியரிங்ல டங்குனு இடிக்குது. 'டேய் பில்லா, நேராப் போடா'ங்குது!" என்று மணிக்கட்டை நீட்டிச் சிரித்தான். அமிர்தம் பெற்றவன் அணியும் புது இரும்பு வளை, ஒரு கீறல்கூட இல்லை. நீ பருகிய அமிர்தம் குறைபட்ட ஓதலில் பிறந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல்தான் எப்படி இருப்பேன்?

அதிகாலைகளில் பிரசின் புத்தகம் பிடிக்க, ஓதிப் பார்க்கிறேன். மூன்று நாள் பிழையில்லை. நான்காம் நாள் நடுவிலேயே அவள் புத்தகத்தை மூடி, "டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் அமிர்தம் வழங்குகிறார்கள். நான் அமரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். பிழை பொறுக்க வேண்டி ஐவர் முன் கைகூப்பி நிற்கும்போது அந்தப் பொய்யையும் ஒப்புக்கொள்வேன்.

ஆகவே, இரக்கம் கலக்காமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த விரல் என்ன சொல்லிற்று? நான் தாண்டியிருந்தால், மீண்டும் அமிர்தம் பெற வரும்படி எண்மரையும் வீடு வீடாகச் சென்று நானே அழைப்பேன், நிர்மோலக்கை முதலில். அவர்கள் வரிசையின் கடைசியில் நானும் கையேந்தி அமர்வேன். அன்று என் இடத்தில் தாங்கள் அமர்ந்து அத்துதியை ஓத வேண்டும்.

தங்களையும் தங்கள் மக்களையும் குரு காப்பாராக. ஊர் திரும்பியதும் என் வாசலில் நின்று வெற்றி முழக்கத்தை உரக்கச் சொல்லுங்கள். அதற்கு நான் சொல்ல வேண்டிய மறுமொழி நினைவுக்கு வரத் தாமதித்தால் போய்விடாதீர்கள். அதையும் எனக்குச் சொல்லித் தந்துவிட்டு உள்ளே வாருங்கள்.

தங்கள் இளையவன்,
சந்தோக் சிங்