பூட்டிய வீட்டைக் கேட்காத கணக்கெடுப்பு

இராஜபாளையம், செவ்வாய் இரவு.

எங்கள் தெருவுக்கு இன்று அநியாயம் நடந்தது. குழாய்த் தண்ணீர் வரும் நேரம் வசதியா என்று கேட்டு எழுத, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். வந்தது காலை பத்து மணிக்கு. தண்ணீர் வருவதும் அதே பத்து மணிக்குத்தான். பூட்டிய வீடுகளை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் கேட்டாள். என்னையும் விட்டாள். மனைவி இறந்துபோனதிலிருந்து என் முன்கதவு பூட்டியே கிடக்கிறது. நான் புழங்குவது பின்வாசல்.

அவளைத் தெருமுனையில் மறித்தேன்.

“ஏம்மா, எம்புட்டு வீட்ட விட்ட?”

“பாதிக்கு மேல பூட்டு தாத்தா. பூட்டியிருந்தா அடுத்த வீட்டுல கேக்கச் சொல்லித்தான் காலேஜ்ல அனுப்புனாக. கேட்ட அம்புட்டு பேரும் வசதின்னுதான் சொன்னாக.”

“பூட்டிட்டுப் போனவுக மில்லு வேலைக்காரவுக. தண்ணி கிடைக்காதவுகளும் அவுகதான். பந்தியில உக்காந்தவன்கிட்ட மட்டும் சோறு கிடைச்சுதான்னு கேட்டா என்ன சொல்லுவான்?”

சிரித்துவிட்டாள். “சரி, உங்களையும் சேத்துக்கிடுதேன். வீட்ல எத்தன பேரு?”

“ஒருத்தன். என்னைய எழுதாத. நானும் பகல்ல வீட்ல கிடக்கவன்தான், எனக்கும் தண்ணி கிடைச்சிரும்.”

பஸ் வந்தது, போய்விட்டாள். ஒரு பக்கத்து ஆட்களை மட்டும் கேட்டுக் கணக்கு சாய்ந்துவிடும் இந்தக் கோளாறுக்குச் சார்பு என்று பெயர். நூலகத்தில் நானே படித்தது. சண்டைக்காரக் கிழவன் என்று நினைத்திருப்பாள். இன்று என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

மில்லில் ஷிப்ட் விட்ட பிறகு அவள் வந்து, பூட்டியிருந்த வீடுகளில் கேட்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீடு என்று சொல்லிக்கொடுத்தவர் அதைத் திருத்த வேண்டும். அதுவரை தண்ணீர் விடுகிறவர்கள் எதையும் முடிவு செய்யக் கூடாது. என் பூட்டு அப்படியே இருக்கும். வரும்போது அவள் என் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.